பயிருக்கு ஓர் அரசி

1939 ஜனவரியில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத் தென்கிழக்கு மூலையில், 60, 61ஆம் எண் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கடுங்குளிரில் வந்து குடியேறினார்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவர், வெள்ளையரும் இருந்தார்கள். எல்லாரும் பருத்திக் காட்டில் வாரத்துக்குப் பயிரிட்டு வந்த குடும்பத்தினர். பருத்திப் பரப்பைக் குறைக்க அரசு தந்த மானியத்தில் வாரக்குடிக்குப் பங்கு உண்டு, கூலியாளுக்கு இல்லை என்பது விதி. அதனால் பல நிலக்காரர்கள் வாரக்குடிகளை வெளியேற்றிவிட்டுக் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ள முனைந்தார்கள். வெளியேற்றப்பட்டவர்கள் மூட்டை முடிச்சு, அடுப்பு, குழந்தைகளோடு சாலையோரத்துக்கு வந்து, போகிற வருகிறவர்கள் பார்க்கும்படி அமர்ந்தார்கள். அதே ஆண்டில், அங்கிருந்து தெற்கே மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் மெம்ஃபிஸ் நகரத்தை மையமாகக் கொண்டு, 'மெய்ட் ஆஃப் காட்டன்' என்ற பட்டம் முதன்முறையாக ஓர் இளம்பெண்ணுக்குச் சூட்டப்பட்டது. பருத்தி மங்கை என்று அதைச் சொல்லலாம். இந்த இரண்டையும் யாரும் சேர்த்துத் திட்டமிடவில்லை. ஆனாலும் இரண்டும் ஒரே நெருக்கடியிலிருந்து கிளைத்தவை. ஒரு விளைபொருளுக்கு அரசி எதற்காகத் தேவைப்படுகிறாள் என்ற கேள்விக்கு அங்கிருந்துதான் விடை தேட வேண்டும். அந்த மகுடத்தை அழகுப் போட்டிகளின் கணக்கில் எழுதித் தள்ளிவிடுவது தவறு என்பது என் கருத்து. அது ஒரு வேலை. அந்த வேலைக்கு மதிப்பு இருந்ததா என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன: மகுடம் சூடியவளுக்குப் பயிர் தெரியுமா, பயிரை விளைவித்த கைகளை அந்த மேடை காட்டுகிறதா மறைக்கிறதா.

பருத்திக்கு அப்போது என்ன நேர்ந்திருந்தது என்று பார்க்கலாம். 1937இல் அமெரிக்கா சுமார் 1 கோடியே 89 லட்சம் பொதி பஞ்சு விளைவித்தது. அதுவரை காணாத விளைச்சல் அது. விற்காமல் கிடங்கில் தேங்கியது 1939 கோடையில் ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் பொதி. பொதி ஒன்று சுமார் 220 கிலோ. ரேயான் ஏற்கெனவே சந்தைக்குள் வந்துவிட்டது. 1938 அக்டோபரில் டுபாண்ட் நிறுவனம் நைலானை அறிவித்தது. 1940 மே மாதம் நைலான் காலுறைகள் நாடெங்கும் விற்பனைக்கு வந்தன. இந்தச் சூழலில்தான் 1938 இறுதியில் மெம்ஃபிஸில் தேசியப் பருத்திக் கவுன்சில் உருவானது. அதைத் தொடங்கி நடத்திய ஆஸ்கர் ஜான்ஸ்டன், மிசிசிப்பியில் ஸ்காட் என்ற ஊரில் இருந்த மிகப் பெரிய பருத்திப் பண்ணை ஒன்றின் தலைவர். நிலக்காரர், ஜின்னிங் ஆலைக்காரர், கிடங்குக்காரர், பஞ்சு வியாபாரி, பருத்திவிதை எண்ணெய் ஆலைக்காரர் எனத் தொழிலின் பல கிளைகளை அவர் ஒரே மேசையில் உட்கார வைத்தார். ஒன்றோடொன்று விலைக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தவர்களை ஒன்றுசேர்த்தது சிறிய சாதனை இல்லை. ஆனால் அந்த மேசையில் பஞ்சு எடுக்கும் கைக்கு நாற்காலி போடவில்லை. கவுன்சிலும் மெம்ஃபிஸ் பருத்தித் திருவிழாக் குழுவும் மெம்ஃபிஸ், நியூ ஆர்லியன்ஸ், நியூயார்க் பஞ்சுச் சந்தைகளும் சேர்ந்து நடத்திய போட்டியிலிருந்து வந்தவள்தான் பருத்தி மங்கை.

போட்டிக்கு வருகிறவள் பருத்தி விளையும் மாநிலத்தில் பிறந்திருக்க வேண்டும். திருமணம் ஆகியிருக்கக் கூடாது. வயதுக்கும் உயரத்துக்கும் வரம்பு உண்டு. ஜெயித்த பிறகு தொடங்குவதுதான் உண்மையான வேலை. பல மாதங்கள் ஊர் ஊராகப் பயணம், கடைத்தெருவில் ஆடை அணிவகுப்பு, நகரத் தலைவர்களோடு விருந்து, வானொலிப் பேட்டி, பிற்பாடு தொலைக்காட்சி. அவள் உடுத்தும் ஒவ்வொன்றும் பருத்தி. காலை உடையும் மேல்கோட்டும் இரவு விருந்துக்கான நீண்ட கவுனும், எல்லாமே. இதற்குள் ஒரு கூர்மையான வணிகக் கணக்கு இருந்தது. அன்றைய அமெரிக்கப் பெண்களின் மனத்தில் பருத்தி என்பது சமையலறை உடுப்பு, வேலைக்காரத் துணி. பட்டையும் ரேயானையும்தான் வெளியே போகும்போது உடுத்துவார்கள். அந்த எண்ணத்தை மாற்றாமல் தேங்கிய பஞ்சை நகர்த்த முடியாது என்று கவுன்சில் சரியாகவே கணித்தது. விவாதத்தால் மாற்ற முடியாததை ஒரு பெண்ணின் உடம்பின் மேல் மாட்டிக் காட்டினார்கள். அந்தப் பெண் மாதக்கணக்கில் சோர்வைக் காட்டாமல், மடிப்புக் கலையாமல், ஒவ்வொரு ஊரிலும் முதல்முறை வருகிறவளைப் போலப் புன்னகைத்து அதைச் செய்தாள். பருத்தி கசங்கும் துணி என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த உழைப்பின் அளவு புரியும். விற்பனைப் பிரதிநிதி என்ற பெயரில் ஓர் ஆண் இதையே செய்திருந்தால் அதைத் தொழில் என்று கூப்பிட யாரும் தயங்கியிருக்க மாட்டார்கள்.

அவள் உழைத்தாள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேடத்தில்தான் கோளாறு. மெம்ஃபிஸ் பருத்தித் திருவிழா 1931இல், பஞ்சு விலை தரைமட்டத்துக்கு விழுந்த காலத்தில் தொடங்கியது. பழைய தோட்ட முதலாளிகளின் தெற்கை அலங்காரமாக மீட்டெடுக்கும் விழாவாக அது வளர்ந்தது. அதில் ராஜா, ராணி, பரிவாரம் எல்லாரும் வெள்ளையர். கறுப்பினத்தவருக்குக் கிடைத்த பாத்திரம் ஊர்வல வண்டிகளை இழுப்பது. மெம்ஃபிஸில் பல் மருத்துவராக இருந்த கறுப்பினத்தவர் ஆர்.கியூ. வென்சன் தம் உறவுக்காரச் சிறுவனை அந்த ஊர்வலத்துக்குக் கூட்டிப்போனார். நம்மவர்கள் எல்லாரும் குதிரைகளாக இருந்தார்களே என்று பையன் வருந்தியதாகச் சொல்வார்கள். வென்சனும் அவர் மனைவி எத்திலும் நண்பர்களும் சேர்ந்து 1936இல் 'காட்டன் மேக்கர்ஸ் ஜூபிலி' என்ற தனி விழாவைத் தொடங்கினார்கள். அதிலும் ராஜா உண்டு, ராணி உண்டு. பெயரைக் கவனியுங்கள்: பருத்தியை உண்டாக்குகிறவர்களின் விழா. பருத்தி மங்கை என்ற பட்டம் பிறப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, அதே ஊரில், மகுடம் யாருக்கு உரியது என்று மறுத்துக் கேட்டுவிட்டார்கள். ஆகவே, அந்தக் காலத்தில் யாரும் அப்படி யோசித்திருக்க மாட்டார்கள், இன்றைய அளவுகோலால் அன்றைய விழாவை அளக்கக் கூடாது என்ற வழக்கமான சமாதானம் இங்கே செல்லாது. அளவுகோல் அன்றே அங்கேயே இருந்தது. போட்டியை நடத்தியவர்கள் அதைக் கையில் எடுக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1944இல் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் அருகே ஹாப்சன் பண்ணையில் விதைப்பு முதல் அறுவடை வரை முழுக்க இயந்திரத்தால் ஒரு பருத்தி வெள்ளாமை எடுக்கப்பட்டது. 1960களின் இறுதிக்குள் அமெரிக்கப் பருத்தி ஏறத்தாழ முழுவதையும் இயந்திரமே பறித்தது. பஞ்சு எடுத்த குடும்பங்கள் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் போயின. மனிதக் கை வயலிலிருந்து விலக விலக, மேடையில் பருத்தியின் மனித முகம் பெரிதாகிக்கொண்டே போனது. 1950களில் பருத்தி மங்கையின் பயணம் வெளிநாடுகளுக்கும் நீண்டது. அதற்கும் காரணம் தேக்கம்தான். 1954இல் வந்த பி.எல். 480 சட்டம் அமெரிக்காவின் உபரி விளைச்சலை அயல்நாடுகளுக்குத் தள்ள வழி செய்தது. ஏற்றுமதிச் சந்தை தேடுவதற்கென்றே 1956இல் சர்வதேசப் பருத்திக் கவுன்சில் அமைந்தது. அதே ஆண்டு இந்தியா செய்துகொண்ட பி.எல். 480 ஒப்பந்தத்தில் கோதுமையோடு பஞ்சும் இருந்தது. நம்மவர்கள் அந்தச் சட்டத்தைக் கப்பல் கோதுமையாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இத்தனை பயணமும் பருத்தியை விற்றதா? விற்பனையில் ஒரு பங்கு அவளால் வந்திருக்கலாம். ஆனால் சரிவை அவளால் நிறுத்த முடியவில்லை. பாலியெஸ்டர் வந்தபின் 1970களில் அமெரிக்க உடை, வீட்டுத் துணிச் சந்தையில் பருத்தியின் பங்கு மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. 1939 முதல் ஆண்டு தவறாமல் மங்கையர் ஊர் சுற்றிய பின் இருந்த நிலை அது. திரும்பி எழுந்தது வேறு வழியில். 1966இல் வந்த சட்டம் பொதிக்கு இவ்வளவு என்று விவசாயிகளிடமிருந்து பணம் திரட்ட அனுமதித்தது. 1970இல் காட்டன் இன்கார்ப்பரேட்டட் அமைந்தது. 1973இல் வெண்பஞ்சு வெடித்து நிற்கும் அந்தப் புகழ்பெற்ற முத்திரை வந்தது. கசங்காத துணிக்கான ஆராய்ச்சி, ஆலைகளுக்குத் தொழில்நுட்ப உதவி, தொலைக்காட்சி விளம்பரம் என்று போய் 1990களில் பருத்தி பாதிக்கு மேல் மீட்டது. அந்த மீட்சி உச்சத்தை நெருங்கிய நேரத்தில்தான், 1993இல், பணம் போதவில்லை என்று பருத்தி மங்கைப் போட்டியை நிறுத்தினார்கள். பருத்தி வளர்ந்துகொண்டிருக்கும்போது அவள் தேவையில்லாமல் போனாள். பருத்தி பற்றி அவளிடம் யாரும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி அந்த வேலை வடிவமைக்கப்படவில்லை. துணியைத் தாங்குவதுதான் அவள் பொறுப்பு. அதை ஒரு முத்திரை மலிவாகச் செய்தது.

இதற்கு நேர் எதிரான வழியில் போனது ஜெர்மனியின் ஒயின் அரசி. இந்தப் பட்டமும் பழைய கிராம வழக்கம் ஒன்றுமில்லை. திராட்சைக் கொடிக்கும் அரசிக்கும் தொன்மையான உறவு இருப்பதுபோல விழா மேடைகளில் பேசுவதை நம்ப வேண்டாம். 1931இல் பால்ட்ஸ் வட்டாரத்தில், நாய்ஷ்டாட் நகரில், பொருளாதார மந்தம் ஒயின் விற்பனையை நசுக்கிய வேளையில் முதல் அரசி தேர்ந்தெடுக்கப்பட்டாள். மெம்ஃபிஸில் திருவிழா தொடங்கிய அதே 1931 என்பது தற்செயல்தான். மந்தம் தற்செயல் இல்லை. நாடு தழுவிய ஜெர்மன் ஒயின் அரசிப் பட்டம் 1949இல் வந்தது. தொடக்க காலத்தில் இதுவும் அழகையும் மலர்ச்சியையுமே நாடிய போட்டிதான். ஆனால் காலப்போக்கில் அது தேர்வாக மாறியது. இன்று 13 ஒயின் வட்டாரங்களில் முதலில் வட்டார அரசிகள் தேர்வாகிறார்கள். அவர்கள் தேசியச் சுற்றுக்கு வரும்போது நடுவர்கள் முன் வாய்மொழித் தேர்வு நடக்கிறது. எந்த மண்ணுக்கு எந்தத் திராட்சை, கொடிக்கு வரும் நோய், நொதிப்பில் வெப்பம் ஏன் முக்கியம், ஒயின் சட்டம் என்ன சொல்கிறது, விற்பனை எங்கே தேங்குகிறது என்று கேள்விகள் வரும். ஆங்கிலத்திலும் பதில் சொல்ல வேண்டும். இறுதிச் சுற்று தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிறது. வெல்கிறவள் ஓராண்டில் சுமார் 200 நிகழ்ச்சிகளுக்குப் போகிறாள். பலர் திராட்சைத் தோட்டக் குடும்பத்திலிருந்தும் ஒயின் படிப்பிலிருந்தும் வருகிறார்கள். 1985இல் ஆஸ்திரிய ஒயினில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தது வெளியாகி, ஜெர்மன் பாட்டில் நிறுவனங்கள் சிலவும் அதில் மாட்டியபோது, வாங்குகிறவர்களின் நம்பிக்கை ஒரே கோடையில் கரைந்தது. இனிப்பு எங்கிருந்து வருகிறது, எதைக் கலக்கலாம், எதைக் கலக்கக் கூடாது என்று விளக்கிச் சொல்லத் தெரிந்த ஒருத்திக்கே அப்படிப்பட்ட நேரத்தில் பயன் உண்டு.

இந்தத் தேர்வு எப்படிப்பட்ட ஆளை உருவாக்கும் என்பதற்கு யூலியா க்ளோக்னர் சான்று. நாஹே வட்டாரத் தோட்டக் குடும்பத்துப் பெண். 1995-96இல் ஜெர்மன் ஒயின் அரசி. 2002இல் நாடாளுமன்றத்துக்குப் போனார். 2018 முதல் 2021 வரை வேளாண் அமைச்சர். 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் தலைவரானார். அரசியல் எதிரிகள் நெடுநாள் அவரை 'ஒயின் அரசி' என்று சொல்லியே சிறுமைப்படுத்தப் பார்த்தார்கள். ஓராண்டு முழுதும் அந்நியர்கள் கூடிய அவைகளில் ஒரு தொழிலின் சார்பாகப் பேசிப் பழகியது எந்த வகையில் இழிவு என்று அவர்கள் சொல்லவில்லை. இதே பழக்கத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 2019 ஜூனில் அமைச்சகம் வெளியிட்ட காணொளியில் அவர் நெஸ்லே நிறுவனத்தின் ஜெர்மன் தலைவரோடு நின்று, அந்த நிறுவனம் சர்க்கரையையும் உப்பையும் குறைத்ததைப் பாராட்டினார். அமைச்சர் விளம்பரம் செய்கிறார் என்று கடும் எதிர்ப்பு எழுந்தது; எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஒரு பொருளைப் புகழ்வதற்கும் ஒரு துறையைக் கண்காணிப்பதற்கும் இடையே உள்ள கோட்டை மேடைப் பயிற்சி கற்றுக் கொடுப்பதில்லை. ஆகவே ஒயின் அரசி என்ற ஏற்பாட்டை நான் குறையற்றதாகச் சொல்லவில்லை. அறிவைக் கேட்கிற மகுடம், அறிவைக் கேட்காத மகுடத்தைவிட அதை அணிகிறவளுக்கும் பயிருக்கும் அதிகம் தருகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். ஒயினையும் பருத்தியையும் ஒப்பிடலாமா? ஒயின், தோட்டத்தின் பெயரோடும் ஊரின் பெயரோடும் விற்கிறது. அதைப் பற்றிப் பேச ஆள் வேண்டும். பஞ்சு ஆலைக்குள் போய் எந்த வயலிலிருந்து வந்தது என்ற அடையாளத்தை இழந்துவிடுகிறது. அதற்கு என்ன பேச முடியும்? இதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு மினசோட்டா மாநிலத்தின் பால் அரசி விடை சொல்கிறாள். பாலும் பஞ்சைப் போலவே ஒன்றோடொன்று கலந்து முகவரி இழக்கும் பண்டம். 'பிரின்சஸ் கே ஆஃப் தி மில்கி வே' என்ற அந்தப் பட்டம் 1954 முதல் வழங்கப்படுகிறது. 1965 முதல் மாநிலப் பெருவிழாவில் இறுதிச் சுற்றுப் பெண்களின் தலையைச் சுமார் 40 கிலோ வெண்ணெய்க் கட்டியில் செதுக்குகிறார்கள். குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள் அந்தப் பெண் கம்பளிக் கோட்டோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க, வெளியே கூட்டம் பார்க்கும். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கை. ஆனால் பட்டத்துக்கு வருகிறவர்கள் பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர்கள், இல்லையென்றால் பால் பண்ணையில் வேலை செய்கிறவர்கள். கன்று எத்தனை மாதத்தில் பால் மறக்கும், மடிநோய்க்கு மருந்து கொடுத்த மாட்டின் பாலை ஏன் தனியே கொட்டுகிறார்கள் என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர்கள். பண்டம் பெயரற்றதாக இருந்தாலும், பேசுகிறவள் அதன் வேலையிலிருந்து வந்திருந்தால் அந்த மகுடம் நிலைக்கிறது.

இன்னொரு பக்கத்திலிருந்து வரும் ஆட்சேபம் இதைவிட ஆழமானது. எந்த வடிவத்தில் இருந்தாலும் இளம்பெண்ணை நிறுத்திப் பொருளை விற்பது இழிவு, தேர்வு வைத்துவிட்டால் மட்டும் சரியாகிவிடுமா என்பார்கள். வயது, திருமண நிலை, உயரம் என்ற விதிகளைப் பார்த்தால் இந்தக் கோபம் நியாயமாகத்தான் தெரிகிறது. பஞ்சைப் பற்றிப் பேச உயரம் எதற்கு என்ற கேள்விக்கு விடை கிடையாது. இருந்தாலும், பட்டத்தை ஒழித்துவிடுவதால் யாருக்கு நன்மை என்பதையும் யோசிக்க வேண்டும். நெடுங்காலம் தோட்டமும் கூட்டுறவுச் சங்கமும் விவசாயிகள் அமைப்பும் ஆண்களின் கையில் இருந்தன. ஒரு தோட்டக்காரரின் மகள் இருபது வயதில் அமைச்சர் முன்னிலையில் தன் தொழிலைப் பற்றிப் பேசுவதற்கு இருந்த மிகச் சில வாசல்களில் இது ஒன்று. வாசல் குறுகியது, குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. அதற்காக நுழைந்தவளைக் குறை சொல்வது அநீதி. மாற்ற வேண்டியவை விதிகள்: பேசத் தெரிந்த யாரும், எந்த வயதினரும், ஆணும் பெண்ணும் வரட்டும், ஓராண்டு உழைப்புக்கு மாலையும் மகுடமும் போக ஒழுங்கான ஊதியம் இருக்கட்டும். அந்த உழைப்பு யாருடைய லாபத்தைப் பெருக்குகிறதோ அவர்கள்தாம் அதைக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் முதல் கேள்விக்கான விடை. இரண்டாவது கேள்வியில் ஒயின் அரசியும் தவறுகிறாள் என்பதை ஒளிக்க முடியாது. ஜெர்மன் திராட்சைச் சரிவுகளிலும், தனக்கென்று அரசிகள் உள்ள இன்னொரு பயிரான வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டு (ஆஸ்பரகஸ்) விளையும் வயல்களிலும், பருவ வேலையில் பெரும் பங்கு போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வருகிறவர்களுடையது. 2020 வசந்தத்தில் கொரோனா எல்லைகளை மூடியபோது இந்த உண்மை ஒரே வாரத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. ஏப்ரலில் 40,000, மே மாதம் 40,000 என்று பருவத் தொழிலாளர்களை விமானத்தில் உள்ளே விட ஜெர்மன் அரசு சிறப்பு அனுமதி கொடுத்தது. ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் இருக்க, தண்டு வெட்டும் கைகளுக்காக விமானங்கள் பறந்தன. அந்த ஏற்பாட்டைச் செய்த வேளாண் அமைச்சர், முன்னாள் ஒயின் அரசி க்ளோக்னர். பயிரின் மேடை முகமாக ஓராண்டு இருந்த ஒருவர், கால் நூற்றாண்டு கழித்து அந்த முகத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் இல்லாமல் அறுவடையே இல்லை என்று அரசாணையாக ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. வாய்மொழித் தேர்வில் மண்ணைப் பற்றியும் நொதிப்பைப் பற்றியும் கேட்கிறவர்கள், செங்குத்தான சரிவில் திராட்சைக் குலையை வெட்டுகிறவர் எங்கே தங்குகிறார், என்ன கூலி வாங்குகிறார் என்றும் கேட்க வேண்டும். அதுவும் பயிர் அறிவில் சேர்ந்ததே. எந்த விளம்பரம் கூலியாளைக் காட்டுகிறது, அரசியிடம் மட்டும் அதை ஏன் எதிர்பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். முத்திரையும் பாட்டும் தாம் மனிதர் என்று சொல்லிக்கொள்வதில்லை. அரசியை நிறுத்துகிறவர்கள், இந்தப் பயிருக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லித்தான் நிறுத்துகிறார்கள். சொன்னதற்கு அவர்கள் பொறுப்பேற்க வேண்டும்.

1939 ஜனவரியில் மிசௌரி நெடுஞ்சாலையோரம் இருந்த குடும்பங்களை அரசுப் புகைப்படக்காரர் ஆர்தர் ராத்ஸ்டைன் படமெடுத்தார். அந்தப் படங்கள் வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதே ஆண்டு தொடங்கி 1993 வரை வந்த பருத்தி மங்கையரின் ஆவணங்கள் அதே நகரில் ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. அமெரிக்கப் பருத்தியின் வரலாற்றைப் படிக்கப் போகிறவர்கள் இரண்டு இடத்துக்கும் போக வேண்டும்.